சட்டப் படிப்பு: பட்டத்துக்கும் கறுப்பு அங்கிக்கும் நடுவே

சட்டம் படிக்கலாம் என்று மனம் வந்ததும் பெரும்பாலானோர் தேடத் தொடங்குவது நுழைவுத் தேர்வைப் பற்றித்தான். எந்தத் தேர்வு, எப்போது விண்ணப்பம், கட்-ஆஃப் எவ்வளவு போகும், எந்தக் கல்லூரிக்கு எத்தனையாவது இடம். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்பே கேட்டாக வேண்டியவை சில உண்டு. படித்து முடித்து எந்த நாட்டில், என்ன வேலை செய்யப் போகிறீர்கள்? அந்த வேலைக்கு அங்கே உரிமம் தருவது யார்? அவர்கள் என்னென்ன கேட்கிறார்கள்? கல்லூரி கொடுப்பது பட்டம். தொழில் செய்யும் உரிமையைக் கொடுப்பது வேறொரு அமைப்பு. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதை விசாரிக்காமல் சேர்ந்துவிட்டுக் கடைசி ஆண்டில் விழித்துக்கொண்டால் போன ஆண்டுகளும் திரும்பாது, கட்டிய பணமும் திரும்பாது.

ஜப்பானில் நடந்தது இதற்குக் கண்கூடான சாட்சி. அமெரிக்க முறையைப் பின்பற்றி அந்நாடு 2004-இல் பட்டதாரிகளுக்கான சட்டப் பள்ளிகளைத் தொடங்கியது. அடுத்த ஆண்டுக்குள் 74 பள்ளிகள் வந்துவிட்டன. படித்து முடிப்பவர்களில் 70, 80 சதவீதம் பேர் தேசிய வழக்கறிஞர் தேர்வில் தேறிவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு அப்போது பரவலாக இருந்தது. ஆண்டுக்கு 3,000 பேரைத் தேர்ச்சி பெற வைப்பதே அரசின் இலக்கு. அந்த எண்ணிக்கை ஒருபோதும் எட்டப்படவில்லை. 2,000 அளவில் நின்று, 2015-இல் இலக்கே 1,500 ஆகக் குறைக்கப்பட்டது. பள்ளிகளில் இடம் ஏராளம், தேர்வின் வாசலோ குறுகல். ஒரு கட்டத்தில் தேர்வு எழுதியவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர்தான் தேறினார். படிப்பை முடித்த ஐந்து ஆண்டுகளுக்குள் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பும் இருந்ததால், அந்த ஐந்தாண்டு போனால் பட்டம் கையில் இருந்தும் தேர்வறைக்குள் நுழைய முடியாது. தொடங்கிய பள்ளிகளில் பாதிக்கும் மேற்பட்டவை பிறகு மாணவர் சேர்க்கையையே நிறுத்திவிட்டன. அதில் மாட்டிக்கொண்ட மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். தங்களிடம் சொல்லப்பட்ட சதவீதத்தை நம்பியவர்கள்.

இத்தகைய வரம்பு ஜப்பானுக்கு மட்டும் உரியதல்ல. தென் கொரியா 2009-இல் 25 சட்டப் பள்ளிகளோடும் ஆண்டுக்கு 2,000 இடங்களோடும் புதிய முறையைத் தொடங்கியது. அங்கும் ஐந்து ஆண்டுகளில் ஐந்து முறைதான். ஜெர்மனியில் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பின் அரசுத் தேர்வு, பிறகு இரண்டு ஆண்டு நடைமுறைப் பயிற்சி, அதன் பிறகு இரண்டாம் அரசுத் தேர்வு. ஒவ்வொன்றையும் திரும்ப எழுதும் வாய்ப்புக்கு அளவு உண்டு. ஆகவே எந்தக் கல்லூரியின் கையேட்டைப் புரட்டினாலும் முதலில் தேட வேண்டியது இதுதான்: இங்கே படித்தவர்களில் எத்தனை பேர் உரிமத் தேர்வை முதல் முறையிலேயே கடந்தார்கள்? அந்த எண் அச்சில் இல்லையென்றால் நேரில் கேளுங்கள். சுற்றி வளைத்துப் பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லை தாண்டாத பட்டம்

நெஞ்சுவலி எல்லா நாட்டிலும் ஒன்றுதான், நிலப்பதிவுச் சட்டம் அப்படியல்ல. சட்டப் பட்டம் பிற பட்டங்களைப் போல எளிதில் எல்லை தாண்டாததற்குக் காரணம் இதுவே.

காந்தி 1888-இல் லண்டன் சென்று, பாரிஸ்டர்களை உருவாக்கும் சங்கங்களில் ஒன்றான இன்னர் டெம்பிளில் சேர்ந்தார். 1891 ஜூனில் பாரிஸ்டரானதும் மறு நாட்களிலேயே கப்பலேறினார். ரோமானியச் சட்டத்தை லத்தீனிலேயே படித்தவர் அவர். ஆனால் இந்து சட்டமோ முஸ்லிம் சட்டமோ அங்கே அவருக்குக் கற்பிக்கப்படவில்லை. ஒரு மனுவை எப்படி எழுதுவது என்பதும் தெரியாது. பம்பாய் ஸ்மால் காசஸ் நீதிமன்றத்தில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவர், ஒரு கேள்விகூட வாயில் வராமல் உட்கார்ந்துவிட்டார். கட்சிக்காரரின் முகவரிடம் வேறு வழக்கறிஞரை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்தார். பிறகு ராஜ்கோட்டில் மனுக்கள் எழுதிக் கொடுத்துத்தான் பிழைப்பு நடந்தது. அவருக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. படித்த இடத்துக்கும் தொழில் செய்யும் இடத்துக்கும் இடையே இருந்த பள்ளம் அது. இன்றும் அந்தப் பள்ளம் மூடப்படவில்லை.

இந்தியாவில் வழக்கறிஞராக வேண்டுமானால் 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, இந்திய பார் கவுன்சில் அங்கீகரித்த கல்லூரியில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடித்தால் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு, பட்டம் முடித்தால் மூன்றாண்டு எல்எல்பி. அஞ்சல் வழிச் சட்டப் பட்டத்தை வைத்துப் பதிவு செய்ய முடியாது. இதைத் தெரியாமல் பணம் கட்டுபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள் என்பது வேதனை. பட்டம் வாங்கியபின் மாநில பார் கவுன்சிலில் என்ரோல்மெண்ட், அதன்பின் அகில இந்திய பார் தேர்வு. இந்தத் தேர்வை நடத்தும் அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உண்டு என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே உறுதி செய்துவிட்டது. பதிவுக் கட்டணமாக மாநில கவுன்சில்கள் ஆயிரக்கணக்கில் வசூலித்து வந்ததும் 2024 ஜூலையில் முடிவுக்கு வந்தது. சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பண வசதி இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அமெரிக்காவில் முதலில் ஏதாவது ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம், பிறகு ஜேடி என்ற மூன்றாண்டு சட்டப் பட்டம். உரிமம் தருவது நாடு அல்ல, மாநிலம். அமெரிக்க பார் அசோசியேஷன் அங்கீகரித்த கல்லூரியில் படித்தவர் எந்த மாநிலத்திலும் தேர்வு எழுதலாம். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தவருக்குப் பெரும்பாலான மாநிலங்களின் கதவு மூடியே இருக்கும். வேறு நாட்டில் சட்டம் படித்தவர்கள் அங்கே எல்எல்எம் என்ற ஓராண்டு முதுநிலைச் சட்டப் படிப்பைப் படித்துவிட்டு பார் தேர்வு எழுதலாம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில், அவை விதிக்கும் நிபந்தனைகள் பொருந்தினால் மட்டுமே அது நடக்கும்.

இங்கிலாந்தில் வழக்கறிஞர்கள் இரு வகை: ஆலோசனையும் ஆவண வேலையும் பார்க்கும் சொலிசிட்டர், நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டர். 2021-லிருந்து சொலிசிட்டர் ஆக எஸ்கியூஇ என்ற பொதுத் தேர்வு வந்துவிட்டது. அதற்குச் சட்டப் பட்டம் கட்டாயமே இல்லை, ஏதாவது ஒரு பட்டம் போதும். ஆனால் இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். பாரிஸ்டர் வழியில் நெருக்கடி இன்னும் அதிகம். பயிற்சிப் படிப்பை முடிப்பவர்கள் ஏராளம், சேம்பரில், அதாவது வழக்கறிஞர் அலுவலகத்தில், ஓராண்டு பயிற்சிக்கு எடுக்கும் பியூப்பிலேஜ் இடங்கள் சில நூறுதான். அது கிடைக்காவிட்டால் பாரிஸ்டர் என்ற பெயர் இருக்கும், வாதாடும் உரிமை இருக்காது.

இலங்கையில் பல்கலைக்கழகத்தில் எல்எல்பி முடித்தவரும் 1874-இல் தொடங்கப்பட்ட இலங்கை சட்டக் கல்லூரியின் தேர்வுகளைக் கடந்து, பயிற்சிக் காலத்தையும் முடித்தால்தான் சட்டத்தரணி. மலேசியாவில் பிரிட்டிஷ் பட்டத்தோடு திரும்புபவருக்கு சிஎல்பி என்ற தகுதித் தேர்வு, அதன்பின் ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி. சிங்கப்பூர் 2015-இல் செய்ததை வெளிநாடு போக நினைக்கும் ஒவ்வொரு குடும்பமும் கவனிக்க வேண்டும். தான் அங்கீகரிக்கும் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் பட்டியலை 19-லிருந்து 11-ஆகக் குறைப்பதாக அறிவித்தது. 2016-லிருந்து சேர்பவர்களுக்கு அது பொருந்தியது. பட்டியலிலிருந்து விழுந்த எட்டில் ஒன்றில் சேர அந்த நேரத்தில் தயாராகிக்கொண்டிருந்த மாணவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். அங்கீகாரப் பட்டியலை இடைத்தரகர் வாயால் கேட்கக் கூடாது. உரிமம் தரும் அமைப்பின் தளத்தில், நீங்கள் சேரும் ஆண்டுக்கு உரியதை, நீங்களே படிக்க வேண்டும்.

வகுப்பறையில் நடப்பது

சட்டம் படிப்பது என்றால் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 அன்று 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் விலகி பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. கொலைக்கான தண்டனை 302-லிருந்து 103-க்குப் போய்விட்டது, மோசடிக்கான 420 இப்போது 318-க்குள் இருக்கிறது. எண்ணை மட்டும் கற்றவர் ஒரே இரவில் வெறுங்கையானார். கொலைக்கும் கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கும் உள்ள கோடு எங்கே என்று கற்றவருக்குப் பெரிதாக எதுவும் மாறவில்லை.

அந்தக் கோட்டைத் தேடுவதுதான் படிப்பு. 1870-இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவராக வந்த கிறிஸ்டோபர் கொலம்பஸ் லாங்டெல், பாடநூலைப் படித்துக் காட்டுவதை விட்டுவிட்டு, உண்மையான தீர்ப்புகளை மாணவர் கையில் கொடுத்துக் கேள்வி கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். முந்தைய தீர்ப்புகளையே சட்டமாகப் பின்பற்றும் பொதுச் சட்ட மரபு உள்ள நாடுகளில் அந்த முறையின் சாயல் இன்றும் உண்டு. அது எப்படி இருக்கும் என்பதற்கு, உலகெங்கும் முதலாண்டு மாணவர்கள் படிக்கும் ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம்.

1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி என்ற ஊரில் மே டொனஹியூ என்ற பெண் தோழியோடு ஒரு கடைக்குப் போனார். தோழி அவருக்கு ஐஸ்கிரீமும் ஜிஞ்சர் பீரும் வாங்கிக் கொடுத்தார். பழுப்பு நிறப் பாட்டில், உள்ளே இருப்பது தெரியாது. பாதி குடித்தபின் மீதியை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று விழுந்தது என்றும், அதனால் உடல்நலம் கெட்டது என்றும் அவர் சொன்னார். பானத்தைத் தயாரித்தவர் மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார்.

கதை கேட்பவர் நத்தையோடு நின்றுவிடுவார். சட்ட மாணவர் அங்கே நிற்க முடியாது. பானத்தை வாங்கியது யார்? தோழி. அப்படியானால் கடைக்காரருக்கும் டொனஹியூவுக்கும் ஒப்பந்தம் இல்லை. தயாரித்தவரோடும் இல்லை. ஒப்பந்தம் இல்லாதபோது எந்த அடிப்படையில் வழக்கு? அன்றைய சட்டத்தில் அதற்கு வழி ஏறக்குறைய இல்லை. 1932-இல், அன்று பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் ஐந்து நீதிபதிகள் மூவருக்கு இருவர் என்று பிரிந்து அந்த வழியைத் திறந்தார்கள். நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் யார் என்று முன்கூட்டியே நினைத்துப் பார்க்க முடியுமோ, அவரிடம் நமக்குக் கவனக் கடமை உண்டு என்றார் லார்டு அட்கின். அந்தப் பாட்டிலில் உண்மையிலேயே நத்தை இருந்ததா என்பது கடைசிவரை விசாரிக்கப்படவில்லை. இருந்ததாக வைத்துக்கொண்டால் சட்டம் என்ன சொல்கிறது என்பதே மேல்முறையீட்டின் கேள்வி. பிறகு வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது.

பேராசிரியர் இதோடு விடமாட்டார். பாட்டில் கண்ணாடி போலத் தெளிவாக இருந்து, டொனஹியூ பார்த்துவிட்டே குடித்திருந்தால்? கடைக்காரர் மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்திருந்தால்? பானம் இல்லாமல் உள்ளாடையாக இருந்தால்? கடைசிக் கேள்வி கற்பனை அல்ல. கம்பளி உள்ளாடையில் தங்கிவிட்ட ரசாயனத்தால் தோல்நோய் வந்த ஓர் ஆஸ்திரேலியரின் வழக்கு சில ஆண்டுகளிலேயே, பிரிட்டிஷ் பேரரசின் நாடுகளிலிருந்து வரும் மேல்முறையீடுகளை லண்டனில் விசாரித்த பிரிவி கவுன்சிலுக்குப் போனது. டொனஹியூ தீர்ப்பை வைத்தே அவருக்கும் நீதி கிடைத்தது. நத்தைக்குச் சொன்ன விதி உள்ளாடைக்குப் பொருந்துமா, பொருந்தினால் ஏன், எந்த வேறுபாடு முக்கியம், எது முக்கியமல்ல. இப்படி ஒரு நாளைக்கு மூன்று நான்கு தீர்ப்புகள், ஒவ்வொன்றும் பத்துப் பக்கமோ நூறு பக்கமோ. இதைப் படிக்கும்போதே ‘அப்படியானால் இப்படி இருந்தால்?’ என்று அடுத்த கேள்வி உங்களுக்குள் எழுந்திருந்தால், இந்தப் படிப்பு உங்களுக்கு ஒத்துவரும் என்பதற்கு எந்த நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும்விட அது நல்ல அடையாளம். ‘தீர்ப்பு என்னவென்று ஒரு வரியில் சொன்னால் போதாதா’ என்று சலிப்பு வந்திருந்தால் அதையும் மதியுங்கள். வாழ்நாள் முழுக்கச் செய்ய வேண்டிய வேலை இது.

பேச்சுத் திறமை இருந்தால் போதும், வக்கீலாகிவிடலாம் என்ற எண்ணமும் உண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாரிஸ்டர்கள் ஏறத்தாழ 17,000 பேர் என்றால் சொலிசிட்டர்கள் அதைப்போல ஏழெட்டு மடங்குக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருடைய நாள் படிப்பதிலும் எழுதுவதிலும் கழிகிறது. ‘அறிவிப்பு கொடுத்த நாளிலிருந்து முப்பது நாட்களுக்குள் காலி செய்ய வேண்டும்’ என்று ஒரு குத்தகைப் பத்திரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் போட்ட நாளா, கையில் கிடைத்த நாளா? வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பினால்? முப்பதாம் நாள் விடுமுறையாக இருந்தால்? இவற்றுக்கெல்லாம் இடம் வைக்காமல் ஒரு வரி எழுதுவதுதான் டிராஃப்டிங். அந்த வரி தவறினால் ஒரு குடும்பம் பத்தாண்டு நீதிமன்றப் படி ஏற வேண்டியிருக்கும். மேடைப் பேச்சில் பரிசு வாங்கியவரைவிட, எழுதியதை மூன்றாம் முறையும் திருத்தத் தயங்காதவரே இங்கு நிலைக்கிறார்.

பணமும் சதவீதமும்

இந்தப் பகுதியை வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து படிப்பது நல்லது.

அமெரிக்காவில் 2010-இல் முதலாண்டு சட்டப் படிப்பில் 52,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2013-இல் அது 40,000-க்குக் கீழே போனது. 2008-இன் பொருளாதாரச் சரிவால் வேலைகள் சுருங்கியது ஒரு காரணம். கல்லூரிகள் வெளியிட்ட வேலைவாய்ப்புச் சதவீதத்தின் மீது நம்பிக்கை போனது இன்னொன்று. பட்டம் பெற்றவர் எந்த வேலையில் இருந்தாலும், அது பகுதி நேரமானாலும், கல்லூரியே சில மாதங்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தாலும், ‘வேலையில் இருக்கிறார்’ என்று கணக்கில் சேர்க்க முடிந்தது. பழைய மாணவர்கள் வழக்குகள் தொடுத்தார்கள். அதன்பின் விதிகள் இறுகின. முழுநேர, நீடித்த, வழக்கறிஞர் உரிமம் தேவைப்படும் வேலையில் எத்தனை பேர் என்று ஒவ்வொரு கல்லூரியும் இப்போது தனியாக வெளியிட வேண்டும். எந்த நாட்டுக் கல்லூரியிடமும் இதே அளவுகோலை நீட்டலாம். ‘98 சதவீத வேலைவாய்ப்பு’ என்று பலகையில் இருந்தால், என்ன வேலை, எத்தனை மாதத்துக்கு, மொத்தம் எத்தனை பேரில் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உதவித்தொகைக் கடிதத்தையும் ஒப்பந்தம் போலவே படியுங்கள். நூறு பேர் உள்ள ஒரு வகுப்பு. அறுபது பேருக்கு உதவித்தொகை தருகிறார்கள். முதலாண்டு முடிவில் முதல் நாற்பது இடங்களுக்குள் இருந்தால்தான் அது தொடரும் என்பது நிபந்தனை. நூறு பேரும் கண் விழித்துப் படித்தாலும் முதல் நாற்பதுக்குள் நாற்பது பேர்தான் வர முடியும். ஆக, குறைந்தது இருபது பேர் அதை இழக்கப் போகிறார்கள் என்பது சேர்க்கை நாளிலேயே முடிவாகிவிட்ட விஷயம். சேருகிற ஒவ்வொருவரும் அந்த இருபது பேரில் நான் இல்லை என்று நினைப்பது இயல்பு. அமெரிக்கக் கல்லூரிகள் இப்படி இழந்தவர்களின் எண்ணிக்கையையும் வெளியிட வேண்டும் என்று விதி இருக்கிறது. கேட்டால் கிடைக்கும்.

கடன் வாங்கிப் படிப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அமெரிக்க அரசு இதுவரை படிப்புச் செலவு முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்குக் கொடுத்துவந்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் கேட்பவர்களுக்கு இல்லை என்று 2025-இல் சட்டம் வந்துவிட்டது. சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என்று உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் தனியார் கடன்தான், அதன் வட்டியும் நிபந்தனையும் வேறு.

இந்தியாவில் கல்விக் கட்டணத்தைவிடப் படிப்பை முடித்தபின் வரும் முதல் ஐந்து ஆண்டுகள்தான் பலரை முறித்துவிடுகின்றன. சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தால் வேலை காலை தொடங்கி இரவு வரை நீளும், கையில் வருவது பஸ் செலவுக்கும் போதாது என்ற நிலை காலங்காலமாக இருந்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் இதில் தலையிட்டு, ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் பிற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் தரப்பட வேண்டும் என்றது. நல்ல உத்தரவு. ஆனால் எல்லாச் சேம்பரிலும் அது நடைமுறைக்கு வந்துவிட்டது என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டில் வருமானத்தை எதிர்பார்த்திருப்பவர்கள் இந்த ஆண்டுகளை எப்படிக் கடப்பது என்று சேரும்போதே பேசிவிட வேண்டும். வக்கீல் பரம்பரை இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள், படிப்பில் அல்ல. இந்தத் தொழில் அவர்களை இழப்பது நீதி கேட்டு வரும் ஏழைகளுக்கும் இழப்பு.

நீதிபதியாவதே நோக்கம் என்றால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். கல்லூரியிலிருந்து நேராக சிவில் நீதிபதி தேர்வு எழுதலாம் என்றிருந்த நிலையை 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மாற்றி, மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. ஐந்தாண்டுப் படிப்பில் இன்று சேருபவர் வெளியே வரும்போது விதி வேறாகவும் இருக்கலாம். எனவே ஒரே ஒரு பதவியை நம்பி மட்டும் உள்ளே வர வேண்டாம். வேறொரு வேலையில் இருந்துகொண்டே வக்கீலாகவும் இருக்கலாம் என்ற திட்டமும் இந்தியாவில் எடுபடாது. முழுநேரச் சம்பள வேலையில் உள்ளவர் வழக்கறிஞராகத் தொழில் செய்ய விதி இடம் தருவதில்லை. மருத்துவராகத் தொழில் செய்துகொண்டே வழக்கறிஞராகவும் பதிவு கேட்டவருக்கு 1996-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

கணினி எல்லாவற்றையும் எழுதிவிடுமே, இனி வக்கீல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2023-இல் நியூயார்க்கில் இரண்டு வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த, உலகில் இல்லவே இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். தேடித் தொகுக்கும் வேலை குறையும், சரிபார்க்கும் பொறுப்பு கூடும். தீர்ப்பை மூலத்தில் படிக்கத் தெரிந்தவருக்கே வேலை இருக்கும் என்பது என் கணிப்பு.

நுழைவுத் தேர்வும் விண்ணப்பமும்

இதைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், இதைப் பற்றிச் சொல்ல ஆள் ஏராளம். இந்தியாவின் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட்டில் 120 கேள்விகள், இரண்டு மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குத் தனித் தேர்வு. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல், நுழைவுத் தேர்வு கிடையாது. அமெரிக்காவுக்கும் கனடாவின் ஆங்கிலவழிக் கல்லூரிகளுக்கும் எல்சாட். அதில் பல தலைமுறைகளை மிரட்டிய தர்க்கப் புதிர் பகுதி 2024 ஆகஸ்டோடு நீக்கப்பட்டது, பழைய பயிற்சிப் புத்தகங்களை வாங்கும்போது கவனம். பெயர்கள் வேறானாலும் எல்லாமே சோதிப்பது, நீண்ட பத்தியை வேகமாகப் படித்து அதன் வாதத்தைப் பிடிக்க முடிகிறதா என்பதைத்தான். மூன்று மாதப் பயிற்சி வகுப்பு கொஞ்சம் உதவும். நாள்தோறும் ஒரு தலையங்கத்தைப் படித்து, இவர் எதை நிறுவ முயல்கிறார், எங்கே ஓட்டை என்று எழுதிப் பார்க்கும் பழக்கம் அதைவிடப் பல மடங்கு உதவும்.

விண்ணப்பப் படிவத்தில் பழைய வழக்கு, கல்லூரி ஒழுங்கு நடவடிக்கை பற்றிக் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அமெரிக்காவில் பார் உரிமம் கேட்கும்போது நடத்தையைத் தனியாக விசாரிப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் கல்லூரிக்குக் கொடுத்த விண்ணப்பத்தையும் எடுத்து ஒப்பிடுவார்கள். சின்னத் தவறு மன்னிக்கப்படுவது உண்டு, அதை மறைத்தது தெரிந்தால் நிலைமை மோசமாகும்.

கடைசியாக, ஒரு செலவும் இல்லாத சோதனை. நீதிமன்றங்கள் பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை. உயர் நீதிமன்றத்துக்கு மட்டும் போகாதீர்கள், கீழ் நீதிமன்றம் ஒன்றில் ஒரு முழு நாள் உட்காருங்கள். எத்தனை வழக்குக்கு வாய்தா மட்டும் கொடுக்கப்படுகிறது, கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் வராந்தாவில் எப்படிப் பேசுகிறார், நீதிபதி குறுக்கே கேட்கும் கேள்விக்குக் கோப்பைப் புரட்டாமல் பதில் சொல்பவர் யார் என்று கவனியுங்கள். உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு விசாரணைகள் 2022 செப்டம்பரிலிருந்து நேரலையில் வருகின்றன, வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரு தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். உங்களுக்குப் பிடித்த கல்லூரியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்த இருவரைக் கண்டுபிடியுங்கள். கல்லூரி காட்டும் முன்னாள் மாணவர்கள் வேண்டாம், நீங்களே தேடிப் பிடித்தவர்களாக இருக்கட்டும். இப்போது என்ன வேலை, முதல் மாதச் சம்பளம் எவ்வளவு, கடன் எவ்வளவு மீதி, உரிமத் தேர்வை எத்தனையாவது முறையில் கடந்தீர்கள் என்று கேளுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பேசத் தயங்குபவர்கள் அல்லர். ஓர் இளையவர் அக்கறையோடு வந்து கேட்டால், பெரும்பாலும் மனம் திறந்தே சொல்வார்கள்.